விதைக்குப் பசிக்குமா?

உயிருள்ளவற்றுக்கு என்னென்ன வேண்டும் என்று எந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடமும் கேட்டுப் பாருங்கள். காற்று, நீர், உணவு, சூரிய ஒளி, இருப்பிடம் என்று ராகம் போட்டு ஒரே மூச்சில் சொல்லிவிடும். ஒன்றுகூடத் தப்பில்லை. அதே பிள்ளையிடம், "வாசல்ல நிக்கிற வேப்பமரம் எதைச் சாப்பிடுது?" என்று கேளுங்கள். ராகம் அங்கேயே நின்றுவிடும். இன்னும் கொஞ்சம் துணிச்சலான பிள்ளையாக இருந்தால், "மண்ணை" என்று சொல்லும்.

சின்ன வகுப்புகளுக்கே பல வருஷமாகப் பாடம் எடுத்து வருகிறேன். சூழ்நிலையியல் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான். தன் பசி, தன் தாகம் என்று மட்டுமே அறிந்த ஒரு பிள்ளை, இன்னொரு உயிருக்கு என்ன வேண்டும் என்று முதன்முதலாக யோசிக்கிற இடம் இது. அதைப் பட்டியலாக ஒப்பிக்க வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பட்டியல் எல்லா உயிருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை அடைகிற வழிதான் உயிருக்கு உயிர் வேறு. அந்த வழியை ஒரே ஒரு உயிரிடமாவது பிள்ளை கிட்ட இருந்து பார்த்துவிட வேண்டும். நான் இந்தப் பாடத்தை நடத்துவது அதற்காகத்தான்.

முதல் நாள் பாடம் மோட்டார் பைக்கில் ஆரம்பிக்கும். பைக்குக்கு உயிர் இருக்கிறதா, இல்லையா? வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். இருக்கிறது என்பவர்கள் கையில் நல்ல ஆதாரங்கள் உண்டு. ஓடுது, சத்தம் போடுது, பெட்ரோல் குடிக்குது, புகை விடுது. "மழை நாள்ல காலைல கிளம்பவே மாட்டேங்குது டீச்சர், எங்கப்பா உதைச்சு உதைச்சுப் பாப்பாரு" என்றான் ஒருவன். மெக்கானிக் வீட்டுப் பிள்ளை இருந்தால் இன்னும் வலுவாகப் பேசும். இன்ஜினுக்குக் காத்து வேணும், ஏர் ஃபில்டர் அடைச்சுக்கிட்டா வண்டி நின்னுரும் என்று. உண்மைதானே? பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னால் பைக்குக்கு உயிர் உண்டு என்றுதான் சொல்லியாக வேண்டும்.

பிள்ளைகள் இப்படி யோசிப்பது உலகம் முழுக்க நடப்பதுதான். உளவியலாளர் ழான் பியாஜே 1926-இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். சுவிட்சர்லாந்துப் பிள்ளைகள் சூரியன், மேகம், ஆறு, சைக்கிள் எல்லாவற்றுக்கும் உயிர் இருப்பதாகச் சொன்னார்கள். அசைகிறது, அதனால் உயிர் இருக்கிறது. "தப்பு, உட்காரு" என்று இந்த யோசனையை வெட்டிவிடக் கூடாது. பிள்ளை ஆதாரத்தோடு பேசுகிறது. நாமும் ஆதாரத்தோடு பதில் சொல்ல வேண்டும்.

என் கையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முட்டியில் காயம் இல்லாத பிள்ளை எங்கள் வகுப்பில் கிடையாது. "பைக்குல கீறல் விழுந்தா என்ன ஆகும்?" அப்படியே இருக்கும், பெயின்ட் அடிக்கணும். "உன் முட்டி?" அதுவா ஆறிரும். பாவாடையையும் டவுசரையும் தூக்கி ஆளுக்கு ஆள் தழும்பைக் காட்டுவார்கள். பொருக்குத் தட்டியிருப்பது, பொருக்கு உதிர்ந்து கீழே ரோஸ் நிறத் தோல் தெரிவது, எல்லாம் அங்கேயே இருக்கும். சாப்பிட்ட சோற்றை வைத்து உடம்பு தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்கிறது. பெட்ரோல் குடித்த பைக் அப்படிச் செய்வதில்லை, வளர்வதுமில்லை.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கனமானது. "பெட்ரோல் இல்லாம வண்டியை ஒரு மாசம் நிறுத்தி வச்சா?" மறுபடி ஊத்துனா ஓடும். "கன்னுக்குட்டிக்கு ஒரு மாசம் தண்ணி காட்டலைன்னா?" செத்துரும் டீச்சர். "அதுக்கப்புறம் தண்ணி காட்டுனா?" பதில் சொல்ல யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தேவை என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

செடிகொடி விஷயத்தில் சிக்கல் நேர் எதிரானது. அசையாததால் அதற்கு உயிர் இல்லை என்பார்கள் சின்னப் பிள்ளைகள். நம் தொல்காப்பியம் இதில் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். மரபியலில் உயிர்களை ஆறு படியாகப் பிரிக்கிறபோது புல்லும் மரமும் தொடு உணர்வு மட்டும் உள்ள ஓரறிவு உயிர்களாக முதல் படியிலேயே வந்துவிடுகின்றன. சிப்பி, எறும்பு, நண்டு, விலங்கு, மனிதன் எல்லாம் அதற்கு மேல். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி நிரூபிக்க வேண்டியதில்லை. மைதானத்து ஓரத்தில் தொட்டாச்சிணுங்கி இருக்கிறது, போய்த் தொட்டுவிட்டு வரட்டும்.

அப்புறம் பயறு. விலங்கில் ஆரம்பிக்காமல் விதையில் ஆரம்பிக்க ஒரு காரணம் உண்டு. தண்ணீர் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று விதையிடம் சோதித்துப் பார்க்கலாம். மீனிடமோ கோழிக்குஞ்சிடமோ அப்படிப் பார்க்கக் கூடாது. அந்தச் சோதனையை எந்த வகுப்பிலும் நான் அனுமதிக்க மாட்டேன்.

மூன்று கொட்டாங்குச்சி, கொஞ்சம் பஞ்சு, ஒரு கைப்பிடி பச்சைப்பயறு. ஒன்றில் பஞ்சு காய்ந்தபடியே இருக்கும். இரண்டாவதில் தொட்டால் ஈரம் தெரிகிற அளவுக்குத் தண்ணீர். மூன்றாவதில் பயறு முங்கும்படி விளிம்பு வரைக்கும் தண்ணீர். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் பிள்ளைகள் துவரம்பருப்பு, பொட்டுக்கடலை, கடுகு என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவருவார்கள். எதையும் தள்ளாதீர்கள், தனித்தனியாகப் போட்டு வையுங்கள். உடைத்த பருப்பும் வறுத்த கடலையும் ஊறும், உப்பும், முளைக்காது. ஏன் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஒரு முழுக் கொண்டைக்கடலையை ஊறவைத்துத் தோலை உரித்து இரண்டாகப் பிரித்தால், ஓரத்தில் சின்னதாக வளைந்து ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். "குட்டிச் செடி உள்ளயே தூங்குது டீச்சர்!" பருப்பு உடைக்கிற மில்லில் அந்தக் குட்டி என்ன ஆகிறது என்று பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஈரப் பஞ்சில் இருப்பது மறுநாளே மூக்கை நீட்டும். பிள்ளைகளுக்கு அதில் சந்தோஷம்தான், ஆனால் ஆச்சரியம் கிடையாது. எல்லாரும் எதிர்பார்த்தது அது. எதிர்பாராதது மூன்றாவது கொட்டாங்குச்சி. தண்ணீர் அதிகம் கொடுத்தால் அதிகமாக வளரும் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைத்திருப்பார்கள். ஒன்றிரண்டு முளை விட்டுப் பார்க்கும். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கலங்கி, நுரை கட்டி, கிட்டப் போனால் மூக்கைப் பிடிக்கிற நாற்றம். காற்றும் தேவை என்று நான் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் வராத புரிதல் அந்த நாற்றத்தில் வந்துவிடும். முங்கிப்போன விதைக்கு மூச்சு முட்டுகிறது.

விவசாய வீட்டுப் பிள்ளை ஒன்று இங்கே கட்டாயம் குறுக்கே வரும். "நெல்லு மட்டும் தண்ணிக்குள்ளேயே நிக்குதே டீச்சர்?" இந்தக் கேள்வி வரும் வருஷம் நல்ல வருஷம். வயலில் இருந்து ஒரு நெல்லுத் தண்டைப் பிடுங்கி வரச் சொல்வேன். பிளேடால் குறுக்கே நறுக்கி வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே துளைகள் தெரியும். மேலே உள்ள காற்று அந்தத் துளைகள் வழியாக வேர்வரைக்கும் இறங்குகிறது. பயறுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் வீட்டிலேயே விதைநெல்லை ஒரு நாள் ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் மூட்டம் போடுவார்களே, அந்தச் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். உள்ளே சுடும். அடுப்பில்லை, வெயிலில்லை, ஆனாலும் சூடு. முளைக்கிற விதைகள் மூச்சு விடுகிற சூடு அது. நான் சின்ன வயதில் கையை விட்டுப் பார்த்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் சுவாசம் என்று படித்தபோது எனக்கு அந்தச் சாக்குதான் ஞாபகத்துக்கு வந்தது.

முதல் கொட்டாங்குச்சியை ஒரு வாரம் கழித்து எடுத்தால் பயறு போட்டது போட்டபடி கிடக்கும். செத்துப்போச்சு என்பார்கள். தண்ணீர் தெளித்து வைத்தால் முளைத்துவிடும். அப்படியானால் இத்தனை நாளும் உயிரோடுதான் இருந்ததா? எவ்வளவு நாள் இப்படி இருக்கும்? இஸ்ரேலில் மசாதா என்ற பழைய கோட்டையை 1960-களில் தோண்டியபோது கிடைத்த ஒரு பேரீச்சங்கொட்டை, வயது சுமார் 2000 ஆண்டு. 2005-இல் அதை நட்டார்கள், முளைத்து மரமானது. மெத்தூசலா என்று பெயர். இரண்டாயிரம் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குப் பிடிபடாத எண். "உங்க தாத்தாவோட தாத்தாவோட தாத்தா..." என்று ஆரம்பித்து மூச்சு வாங்குகிறவரை சொல்லிக்கொண்டே போனால், பக்கத்தில் வருவதற்கு முன்பே வகுப்பு சிரித்து ஓய்ந்துவிடும்.

இந்த நாட்களில் ஒன்றில்தான் ஒரு பெண் கேட்டாள், "விதைக்குப் பசிக்குமா டீச்சர்?" நாங்கள் பஞ்சில் தண்ணீர் மட்டும்தான் ஊற்றுகிறோம். மண் இல்லை, உரம் இல்லை. இது எதைச் சாப்பிட்டு வளர்கிறது? எவ்வளவு சரியான கேள்வி! ஊருக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா கட்டுச்சோறு கட்டித் தருவதுபோல, தாய்ச்செடி விதைக்குள் சாப்பாடு கட்டி அனுப்பியிருக்கிறது என்று சொன்னேன். சொன்னால் போதாது, பார்க்க வேண்டும். மொச்சை இதற்கு நல்லது, பெரிய விதை. முளைத்து மேலே வரும்போது இரண்டு தடித்த பருப்பையும் தலையில் தூக்கிக்கொண்டு வரும். நடுவிலிருந்து இலை விரிய விரிய, பருப்பு இரண்டும் சுருங்கி, தோலாகி, கடைசியில் உதிர்ந்துவிடும். "சாப்பிட்டு முடிச்சிருச்சு" என்று அந்தப் பெண்ணே வந்து சொன்னாள். அதற்கப்புறம் சோறு ஏது என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு வெளிச்சத்துக்குப் போக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு தயார் பாடம் இருக்கிறது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஊர்களில் அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவதைப் பார்க்காத பிள்ளை இருக்காது. மண்ணும் எருவும் போட்ட சட்டியில் நவதானியத்தைத் தூவி, வெளிச்சம் புகாத வீட்டுக்குள் அடைத்து வைத்து, தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். ராத்திரியில் பெண்கள் கூடி கும்மியடிப்பார்கள். திருவிழா அன்று தலையில் தூக்கி வரும்போது முளை எல்லாம் நெடுநெடுவென்று, வெளிர் மஞ்சளாக, பூச்செண்டு மாதிரி நிற்கும். "எங்க அப்பத்தா யாரையும் உள்ள விடாது, வெளிச்சம் பட்டா பச்சையாயிரும்னு சொல்லும்" என்று பிள்ளைகளே சொல்வார்கள். பாருங்கள், சோதனை, முடிவு இரண்டையும் அப்பத்தாக்கள் காலங்காலமாகக் கையில் வைத்திருக்கிறார்கள். அறிவியல் பாடத்தை நான் வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டியதே இல்லை.

வகுப்பிலும் அதையே செய்கிறோம். ஒரு பயறுச் சட்டி ஜன்னலோரம், இன்னொன்று பீரோவுக்குள். சில நாள் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் ஒரே குரலில், "பீரோவுல இருக்கிறதுதான் டீச்சர் நல்லா வளர்ந்திருக்கு" என்பார்கள். உயரத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள். இங்கே அவசரப்பட்டுத் திருத்திவிடாமல் ஸ்கேலைக் கொடுத்துவிட வேண்டும். உயரம் அளக்கட்டும். பிறகு இலையைத் தொட்டுப் பார்க்கட்டும், தண்டை லேசாக விரலால் தள்ளட்டும். பீரோச் செடியின் இலை விரியாமல் மடங்கிக் கிடக்கும். தண்டு வெள்ளையாக, நீர்கோத்து, தொட்டால் சாயும். வெளிச்சத்தைத் தேடி, இருக்கிற கட்டுச்சோற்றையெல்லாம் உயரத்திலேயே செலவழித்துவிட்டது. ஜன்னலோரம் மாற்றினால் ஒன்றிரண்டு நாளில் பச்சை ஏறிவிடும். பீரோவிலேயே விட்டால், கட்டிக்கொண்டு வந்தது தீர்ந்ததும் சாய்ந்துவிடும். முளைப்பாரி அந்த நிலைக்குப் போவதற்கு முன்பே குளத்தில் கரைத்துவிடுகிறார்கள்.

செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்பது பிள்ளைகள் மட்டும் நினைப்பதல்ல. உரம்தான் செடிக்குச் சாப்பாடு என்று நம்மில் பலரும் சொல்கிறோம். பெல்ஜியம் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மோன்ட் என்பவர் செய்த சோதனையைப் பெரியவர்களுக்காக இங்கே சொல்லி வைக்கிறேன். 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணை ஒரு தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டார். 5 வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வந்துவிட்டது. மண்ணைக் காயவைத்து நிறுத்தால் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ், 60 கிராம்கூட இல்லை. அவர் இறந்த பிறகு 1648-இல் இது அச்சில் வந்தது. மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதிதான் சரி. மீதி காற்றிலிருந்தும் வெளிச்சத்தின் துணையோடும் வந்தது என்று தெரிய இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. ஏழு வயதுக்கு ஒளிச்சேர்க்கை என்ற சொல் வேண்டாம் என்பது என் கருத்து. இலைதான் செடியின் அடுப்படி, வெயில் இருந்தால்தான் அங்கே சமையல் நடக்கும். இது போதும்.

தண்ணீர் தேவை என்று காட்ட ஒரு செடியைக் காயவிட்டுச் சாகடித்துக் காட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. உயிரைக் காப்பாற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற பாடத்தில் ஒரு உயிரை எதற்கு எடுக்க வேண்டும்? காசித்தும்பை ஒன்று தொட்டியில் இருந்தால் போதும். வெயில் நாளில் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் மத்தியானத்துக்குள் தண்டெல்லாம் துவண்டு, இலைகள் துணி மாதிரி தொங்கிவிடும். நிழலுக்கு எடுத்துவந்து வேரில் தண்ணீர் விடுங்கள். பிள்ளைகளைச் சுற்றி உட்கார வையுங்கள். அடுத்த பீரியட் முடிவதற்குள் நுனி நிமிரும், பிறகு கிளை, பிறகு இலை. அன்று சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

மழைக்காலம் பிறந்ததும் எங்கள் பள்ளிக் கறிவேப்பிலை மரத்தில் புழுக்கள் வரும். அப்போதுதான் விலங்குப் பக்கம் போவோம். சின்னதில் பார்த்தால் காக்கா எச்சம் இலையில் விழுந்து கிடப்பது மாதிரியே கருப்பும் வெள்ளையுமாக இருக்கும். பெரிதாகத் தோலை உரித்து உரித்துப் பச்சைக்கு மாறும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டு சட்டென்று நீளும், ஒரு நெடி அடிக்கும். பிள்ளைகள் அலறிக்கொண்டு பின்னால் போய், மறுபடி கிட்ட வருவார்கள். ஒரு அட்டைப்பெட்டி, வாய்ப்பக்கம் கொசுவலைத் துணி, உள்ளே தண்ணீர் பாட்டிலில் செருகிய கறிவேப்பிலைக் கொத்து. புழு தண்ணீருக்குள் விழாதபடி பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். வளர்ப்புக்கு வேறொன்றும் வேண்டாம்.

பிள்ளைகள் அன்போடு தங்கள் தட்டிலிருந்து சோறு கொண்டுவந்து போடுவார்கள். முருங்கைக்கீரை, புல், ஒருவன் பிஸ்கட். புழு எதையும் ஏறெடுத்துப் பார்க்காது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம், இந்தக் கூட்டத்து இலைதான் அதற்குச் சாப்பாடு. பக்கத்தில் உள்ள எருக்கஞ்செடியில் வேறொரு புழு இருக்கும், அது கறிவேப்பிலையைத் தொடாது. உணவு தேவை என்ற வரி இங்கே வேறு மாதிரி விரிகிறது. எனக்குப் பிடித்தது உனக்குப் பிடிக்காது என்ற அளவில் இல்லை. எனக்கு உயிர் தருவது உன் வாய்க்கே ஆகாது என்ற அளவில். ஒரு வருஷம் யாரோ மரத்தை மொட்டையாகக் கழித்துவிட்டார்கள். பிள்ளைகள் ரசத்துக்கு வாங்கிய கறிவேப்பிலையைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார்கள். மருந்தடித்த இலையாக இருக்குமோ என்ற பயத்தில் நான் அதைப் போட விடவில்லை. ஊர் முழுக்க யார் வீட்டில் கறிவேப்பிலை மரம், யார் வீட்டில் எலுமிச்சை நிற்கிறது என்ற கணக்கு அன்று சாயந்திரத்துக்குள் வந்துவிட்டது.

இரண்டு மூன்று வாரம் தின்று கொழுத்த புழு, ஒரு நாள் சாப்பாட்டை விட்டுவிடும். குச்சியில் ஏறி, இடுப்பில் நூல் கட்டி, தோலைக் கழற்றிக் கூட்டுப்புழுவாகிவிடும். பிள்ளைகளுக்குப் பயம் வரும். சாப்பிடலை, தண்ணி குடிக்கலை, நகரலை. உயிர் இருக்கா? பைக் வழக்கு மறுபடி ஆரம்பம். இந்தத் தடவை நான் வாயே திறப்பதில்லை. "தின்னதையெல்லாம் உள்ள வச்சிருக்கும், மொச்சை மாதிரி" என்று யாராவது சொல்வார்கள்.

பத்து நாள் போல ஆனதும் ஒரு காலையில் கூடு வெடித்து, நசுங்கிய ஈரத் துணி மாதிரி ஒன்று வெளியே வரும். குச்சியில் தொங்கிக்கொண்டு சிறகுக்குள் நீரைச் செலுத்திச் செலுத்தி விரிக்கும். அந்த ஒரு மணி நேரம் அதற்குத் தொங்குவதற்கு இடம் வேண்டும். பாட்டிலுக்குள்ளோ தீப்பெட்டிக்குள்ளோ வைத்திருந்தால் சிறகு மடங்கியபடியே காய்ந்துவிடும், பிறகு ஆயுசுக்கும் பறக்க முடியாது. இருப்பிடம் என்ற சொல்லுக்குக் கூடு, வீடு, குகை என்று படம் வரைந்து காட்டுவதைவிட இந்த ஒரு மணி நேரம் எவ்வளவோ சொல்லிவிடுகிறது. எல்லாக் கூட்டிலிருந்தும் வண்ணத்துப்பூச்சி வரும் என்றும் நினைக்க வேண்டாம். சில சமயம் பொட்டுப் பொட்டாகக் குளவிகள் துளை போட்டு வெளியே வரும். கூட்டுப்புழுவுக்குள்ளேயே முட்டையிட்டு, உள்ளேயே தின்று வளர்கிற குளவிகள் அவை. அழுதுவிடுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் பொய் சொல்லாதீர்கள். அந்தக் குளவிக் குஞ்சுக்கும் பசி உண்டு, அதற்கு வேறு சாப்பாடு கிடையாது. அழுகிற பிள்ளையை அழ விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

புழு தண்ணீரே குடிக்கவில்லையே என்று ஒரு கேள்வி வந்தது. பதில் என்னிடமிருந்து வரவில்லை. ஆடு மேய்க்கிற வீட்டுப் பையன் ஒருவன், வகுப்பில் அதிகம் பேசாதவன், எழுந்து சொன்னான். "மழை நாள்ல ஆடும் தண்ணி குடிக்காது டீச்சர். புல்லுலயே தண்ணி இருக்குல்ல." எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிற பையன் அவன். உயிருக்குத் தேவையானதைப் பற்றி என் வகுப்பில் இருந்த எல்லாரையும்விட அவனுக்கு அதிகம் தெரியும். குட்டி போட்ட ஆட்டுக்கு என்ன கொடுக்க வேண்டும், எந்தத் தழை ஆகாது, குளிரில் குட்டியை எங்கே படுக்க வைக்க வேண்டும் என்று அன்று அவன்தான் பாடம் நடத்தினான்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் கயோகோ இனாகாகி 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வீட்டில் தங்கமீன் வளர்த்த பாலர் வகுப்புப் பிள்ளைகளையும் வளர்க்காதவர்களையும் ஒப்பிட்டார். தங்கமீனைப் பற்றி மட்டும் அல்ல, வளர்த்தே இராத தவளையைப் பற்றிக் கேட்டபோதும், வளர்த்த பிள்ளைகள் தங்கள் மீனை நினைவில் வைத்துக் காரணத்தோடு பதில் சொன்னார்கள். ஒரு உயிரை அருகிருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கு, அடுத்த உயிரைப் பற்றி யோசிக்க ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் நம் கிராமத்துப் பிள்ளைகள் இந்தப் பாடத்துக்குப் பாதி படித்துவிட்டே வருகிறார்கள். அவர்கள் வீட்டு ஆட்டையும் கோழியையும் வகுப்புக்குள் பேச விடுவது மட்டும்தான் நம் வேலை.

நகரத்தில் இருக்கிறவர்கள் மீன்தொட்டி வாங்குவதைப் பற்றிக் கேட்கிறார்கள். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீனை விட வேண்டாம். மீன் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது விளையாடவில்லை, மூச்சுக்குத் திணறுகிறது. பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைப்பது சுலபம். வண்ணத்துப்பூச்சி தானே தேடி வரும்.

உணவு என்ற பகுதிக்கு வரும்போது நான் கொஞ்சம் கவனமாக இருப்பேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து, பத்தரை மணிக்குத் தலையைப் பெஞ்சில் சாய்த்துவிடும் பிள்ளைகளிடம், "உயிருள்ளவை அனைத்திற்கும் உணவு தேவை" என்ற வரியை வாசிக்கச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது சின்ன வகுப்பு ஆசிரியர்களுக்குத் தெரியும். 1956-இல் காமராசர் கொண்டுவந்த மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, இரண்டும் மத்தியானப் பசியைத்தான் தொட்டன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அதன் பிறகு என் முதல் பீரியடின் முகமே மாறிவிட்டது. கிச்சடியோ உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருகிற பிள்ளை, பயறின் பசியைப் பற்றி யோசிக்கத் தயாராக இருக்கிறது. கொட்டாங்குச்சி, பஞ்சு, பீரோ எல்லாம் அதற்கப்புறம்தான்.

அடுத்த பருவத்துக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. "தேங்காய்க்குள்ள தண்ணி எதுக்கு டீச்சர், யாருக்கு?" வாயால் சொல்லிவிடலாம், எனக்கு மனம் வரவில்லை. நாற்றுப் போடுகிற ஒருவர், முளை கிளம்பிய தேங்காய் இரண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றை உடைத்தால் தண்ணீர் வற்றிய இடத்தில் பஞ்சு மாதிரி தேங்காய்ப்பூ இருக்கும். தெருவில் வண்டியில் வைத்து விற்கிறார்களே, அதுதான். பருப்பையும் தண்ணீரையும் உறிஞ்சி முளைக்கு ஊட்டுவது அந்தப் பூ. யார் உடைப்பது, யார் எவ்வளவு தின்பது என்று இப்போதே சண்டை. இரண்டாவது தேங்காயை உடைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதைக் கைகழுவுகிற குழாயடியில் நடப்போகிறோம். வழிந்து போகிற தண்ணீர் அங்கே வீணாகத்தான் கிடக்கிறது, வெயிலும் மத்தியானம் வரைக்கும் விழுகிறது. சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி நட்டால் மட்டை இடிக்காது என்று பிள்ளைகள் வீட்டில் கேட்டுவிட்டு வர வேண்டும்.